கோப்பெங் தவுக்கே யூ தோங் சென்

ஈப்போவிலிருந்து கம்பாருக்குப் போகும் பெருஞ்சாலையில், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரத்தில் கோப்பெங் என்னும் சிற்றூர் இருக்கிறது. சரக்கு எடுக்கவும் பாக்கி வசூலிக்கவும் அவ்வழியே போய்வராத நம்மவர் பேராக்கில் குறைவு. ஆயினும் இவ்வூரில் 1879-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரு சின்னஞ்சிறு மருந்துக் கடைதான், பிற்காலத்தில் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பெயர் பெற்ற 'யூ யான் சாங்' என்னும் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அக்கடையைத் திறந்தவர் யூ கோங். அதைப் பெரிதாக்கியவர் அவருடைய மகன் யூ தோங் சென். இங்கு நாம் பேச எடுத்துக்கொண்டது மகனுடைய வாழ்க்கையையே. தகப்பனாரை விட்டுவிட்டு மகனைப் பற்றிப் பேச முடியாதாகையால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

முஸ்லிம் சங்கத்துப் பத்திரிகையில் ஒரு சீனத் தவுக்கேயின் சரித்திரம் எதற்கு என்று கேட்கும் அன்பர்களும் இருக்கக்கூடும். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர்; அவர் செய்த தொழில்களில் சில நமக்கு ஆகாதவை. அதை மறைக்கப் போவதுமில்லை. ஆனால் நாம் வியாபாரம் செய்யும் இதே கிந்தாப் பள்ளத்தாக்கில் நமக்கு முன்னே கடை வைத்தவர் அவர். அவருடைய வாடிக்கைக்காரர்கள் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். நம் வாப்பாமாரும் பாட்டன்மாரும் அப்படி வந்த சபுராளிகள்தாமே! தொழிலில் ஒரு முட்டுக்கட்டை வந்தபோது அவர் எப்படி யோசித்தார், நாம் எப்படி யோசிக்கிறோம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் கிடைப்பது அரிது.

யூ கோங் சீனாவின் குவாங்டுங் மாநிலத்து ஃபோஷான் ஊர்க்காரர். 1870-களில் பினாங்கில் வந்திறங்கி, பிறகு கோப்பெங்கிற்கு வந்து ஈயத் தொழிலில் கைவைத்தார். அப்போது கிந்தாவில் ரயில் இல்லை. நல்ல சாலையும் இல்லை. 1874-இல் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டு ஆங்கிலேயர் ஆட்சி பேராக்கில் காலூன்றியபின், லாருத் பக்கம் ஈயம் தோண்டிக் கொண்டிருந்தவர்கள் கிந்தாவை நோக்கித் திரும்பலாயினர். காட்டை வெட்டிப் பள்ளம் தோண்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மண்ணைக் கூடையில் சுமந்தார்கள். காய்ச்சல் வந்தது. காலும் கையும் வீங்கி மரத்துப் போகும் பெரிபெரி என்னும் நோய் வந்தது. ஆள் ஆளாகச் செத்தார்கள்.

இந்தப் பெரிபெரியைப் பற்றி நம் வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஒரே காட்டில், ஒரே வெயிலில் உழைத்தும் தமிழ்க் கூலிகளுக்கு இந்நோய் அதிகம் வரவில்லை; சீனக் கூலிகளுக்கே வந்தது. காரணம் எவருக்கும் புலப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராடன் என்னும் டாக்டரும், அவருக்குப்பின் ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்களும் மலாயாவிலேயே ஆராய்ந்து, குற்றம் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் இருக்கிறது என்று கண்டார்கள். தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே தோட்டத்துக் கடைகளில் மூட்டை மூட்டையாகப் புழுங்கலரிசி விற்றவர்கள், தாங்கள் அறியாமலே மருந்து விற்றுக்கொண்டிருந்தார்கள்! அறிந்திருந்தால் அந்த அரிசியைச் சீன லம்பங்களுக்கும் கொண்டுபோயிருப்பார்களோ என்னவோ. கண்ணெதிரே இருக்கும் வியாபாரம் கண்ணுக்குத் தெரியாமல் போவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

யூ கோங்கிற்கும் நோயின் காரணம் தெரியாது. அவர் கண்டது வேறு. வலி தாங்காத கூலியாட்கள் அபினை நாடினார்கள். ஒருமுறை குடித்தவன் மறுமுறையும் குடித்தான். சம்பளம் போயிற்று, உடம்பும் போயிற்று. தங்கள் ஊரில் கிடைக்கும் வேரும் தழையும் இங்கே கிடைத்தால், அவர்களில் சிலராவது அபின் பக்கம் போகமாட்டார்கள் என்று எண்ணி அவர் மருந்துக் கடை வைத்தார். கடைக்கு இட்ட 'யான் சாங்' என்னும் பெயருக்கு மனித உயிர்களிடம் பரிவு என்பது போன்ற பொருள். அந்நாளில் அப்பள்ளத்தாக்கில் பணம் பண்ண நினைத்த எவனுக்கும் ஈயத்தைத் தவிர வேறு யோசனை இல்லை. ஈயம் எடுப்பவனுக்கு என்ன தேவை என்று யோசித்ததுதான் இவருடைய விசேஷம்.

இனி மறைக்கப் போவதில்லை என்று சொன்ன விஷயத்துக்கு வருவோம். இதே யூ கோங், அரசாங்கத்தார் விட்ட அபின், சூது, சாராயக் குத்தகைகளையும் கோப்பெங் பகுதியில் எடுத்திருந்தார். ஒரு கையால் அபினுக்கு மாற்று விற்றார்; மறு கையால் அபின் குத்தகைப் பணத்தை எண்ணினார். அக்காலத்துப் பெரிய தவுக்கேமார் அனைவரும் செய்ததுதான் அது. அரசாங்கமே செய்யச் சொன்னதுதான். லம்பங்களுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் அரிசி, எண்ணெய், அபின் எல்லாவற்றையும் தாங்களே விலை வைத்துக் கொடுத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை கணக்குத் தீர்க்கும்போது ஈயத்தில் கழித்துக்கொண்டார்கள். ஈயம் விலை இறங்கினாலும் இந்தச் சரக்கில் லாபம் நின்றது. கூலிக்காரன் கடனாளியாகவே நின்றான். இதை நாம் கெட்டிக்காரத்தனம் என்று புகழ முடியாது. ஹராமான பண்டத்தை விற்று, எழுதப் படிக்கத் தெரியாதவன் கணக்கில் விலை ஏற்றுவதற்குப் பெரிய மூளை தேவையில்லை. மருந்துக் கடை வைத்ததுதான் மூளை. இரண்டில் எது நிலைத்தது என்பதைப் பின்னால் காண்போம்.

யூ தோங் சென் 1877-ஆம் வருடம் ஜூலை 23-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே சீனாவுக்கு அனுப்பப்பட்டு ஃபோஷானில் பாட்டனார் வீட்டில் சீனக் கல்வி கற்றார். 1890-இல் தகப்பனார் நாற்பது வயதை எட்டுமுன்பே காலமானார். 1892-இல் பையன் மலாயாவுக்குத் திரும்பினான். இங்கே ஆங்கிலமும் கற்றான். தொழிலோ மூத்தவர்கள் பொறுப்பில் இருந்தது. 1898-இல், இருபத்தொரு வயதில், அது தோங் சென்னின் கைக்கு வந்தது. தகப்பனில்லாப் பிள்ளையாக, இரண்டு பாஷை கற்று, இரண்டு நாட்டின் நடைமுறையும் தெரிந்து முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வேளையில் ஈயத்தின் விலையும் ஏறிற்று. அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதே விலையில் அதே கிந்தாவில் ஈயம் விற்ற எத்தனையோ பேரின் பெயர்கள் இன்று சமாதிக் கற்களில் மட்டுமே இருக்கின்றன.

அவர் கம்பார் பகுதியிலும் பிற இடங்களிலும் நிலம் எடுத்தார். புதிய இயந்திரங்களைத் தம் சுரங்கங்களில் புகுத்தினார். ஆயிரக்கணக்கானோர் அவரிடம் வேலை செய்தார்கள். முப்பது வயதுக்குள் மலாயாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்று பேசப்பட்டார். இவை எல்லாம் எந்தத் தவுக்கேயின் சரித்திரத்திலும் வருபவை. நம் வியாபாரிகள் உற்றுப் பார்க்க வேண்டியது அவர் அந்த மருந்துக் கடையை என்ன செய்தார் என்பதை.

சம்பளம் வாங்கிய சீனக் கூலிக்காரனுக்கு ஒரு கவலை: ஊரிலிருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் பணம் அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவது? பாங்கு இருந்தது பினாங்கில். அதுவும் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும் பெரிய முதலாளிகளுக்கும் உரியது. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி கொண்டு வரும் கூலிக்காரனை வாசலில் யார் நிற்க விடுவார்? அப்படியே அனுப்பினாலும் குவாங்டுங்கின் ஏதோ ஒரு சந்து பொந்திலுள்ள கிராமத்தில் கொண்டுபோய்க் கொடுக்க பாங்குக்கு ஆள் ஏது? ஊருக்குப் போகும் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பினால், அவன் சூதில் தோற்றுவிட்டு வழியில் திருடன் பறித்தான் என்பான்.

பணம் அனுப்புவது ஒரு தொழில், மருந்து விற்பது வேறொரு தொழில் என்றுதான் எவரும் நினைப்பார். தோங் சென் அப்படி நினைக்கவில்லை. கூலிக்காரன் எந்தக் கடையை நம்பித் தன் உடம்புக்கு மருந்து வாங்குகிறானோ, அந்தக் கடையிலேயே பணத்தையும் கொடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். மருந்துக் கடையில் எழுதத் தெரிந்த கணக்கன் இருக்கிறான். அவனே கடுதாசி எழுதிக் கொடுப்பான். சீனாவிலிருந்து மருந்துச் சரக்கு தருவிப்பதால் அங்கே ஆட்களும் கொள்வினை கொடுப்பினையும் முன்னமே உண்டு. சிறு சிறு தொகைகளை ஒன்றாகச் சேர்த்து மொத்தமாக அனுப்பினால் செலவு குறையும். கிராமத்தில் பணம் சேர்ந்ததும், வாங்கிக்கொண்டவர்கள் பதில் எழுதி அனுப்புவார்கள்; அந்தப் பதில்தான் பற்றுச்சீட்டு. மகன் பிறந்தான், கூரை ஒழுகுகிறது, பாட்டி இறந்துவிட்டாள் என்ற செய்தியும் அதில்தான் வரும். பதில் வந்துவிட்டதா என்று கேட்கக் கூலிக்காரன் மறுபடியும் கடைக்கு வருவான். வந்தவன் இருமலுக்கு ஒரு பொட்டலம் வாங்காமலா போவான்?

இதில் புதிதாக என்ன முதல் போட்டார் என்று பார்த்தால், அநேகமாக ஒன்றுமில்லை. கடை இருந்தது, கணக்கன் இருந்தான், சரக்குப் போக்குவரத்து இருந்தது, நம்பிக்கை இருந்தது. இருந்தவற்றை வேறு விதமாகச் சேர்த்தார், அவ்வளவுதான். பிறகு பார்த்தால் யாருக்கும் தோன்றியிருக்கக்கூடிய யோசனைதான். ஆனால் முன்னே தோன்றியவர் சிலரே.

நம்மிடமும் இது இல்லாமலில்லை. தோட்டத்து வாசலில் நம்மவர் கடை வைத்திருந்த காலத்தில், பால் வெட்டுக்காரருக்குக் கடுதாசி எழுதியவரும், மணியார்டர் பாரம் பூர்த்தி செய்தவரும், சம்பள நாள் வரையில் பற்று எழுதிக்கொண்டு அரிசி பருப்புக் கொடுத்தவரும் அந்தக் கடைக்காரர் நானாதான். ஊருக்குப் போகும்போது பத்துக் குடும்பத்துப் பணமும் அவர் மடியில்தான் போகும். ஆனால் அதை உதவி என்று செய்தார்கள். அதைத் தொழிலாக முறைப்படுத்தினவர்கள் குறைவு. உதவிக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு, சந்தேகமில்லை. எனினும் கடைக்காரர் ஊர் திரும்பியதும் அந்த நம்பிக்கையும் அவரோடு கப்பலேறிவிட்டது, கடையில் தங்கவில்லை. தோங் சென்னின் கடையில் கணக்கன் மாறினாலும் பதில் கடுதாசி வந்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் நாணயமாற்றுத் தொழிலிலுள்ள சகோதரர்கள் கவனிக்க ஒரு நுட்பம் உண்டு. 1906-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளியின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டி, 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று அரசாங்கத்தார் நிர்ணயித்தார்கள். சீனாவும் ஹாங்காங்கும் 1935 வரையில் வெள்ளி நாணயத்திலேயே இருந்தன. ஆகவே இங்கிருந்து அங்கு போகும் பணத்தின் மதிப்பு வெள்ளி உலோகத்தின் விலையோடு ஏறி இறங்கும். கூலிக்காரன் பணத்தைக் கொடுத்த நாளுக்கும், கிராமத்தில் பட்டுவாடா ஆகும் நாளுக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளியில் இத்தொழில் செய்பவர் கையில் ஒரு பெருந்தொகை எப்போதும் நிற்கும். அது சரக்கு வாங்கும் மூலதனமாகவும் உதவும். நாணய விலையைச் சரியாகக் கணித்தால் லாபமும் தரும். தவறாகக் கணித்தால் ஆளையே விழுங்கும்.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தை எடுத்துத் தொழிலில் புழங்கலாமா? அமானிதம் என்று வாங்கினால் அதைத் தொடக்கூடாது. தொடாமல் வைத்திருந்து நம் குற்றமின்றித் தொலைந்தால், கொடுத்தவருக்கே நஷ்டம். கடன் என்று வாங்கினால் புழங்கலாம். ஆனால் என்ன ஆனாலும் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு நம் தலையில். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் நடைமுறை ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. மக்கள் அவர்களிடம் அமானிதமாக வைக்கப் பணம் கொண்டு வருவார்கள். அவர்களோ அமானிதமாக வேண்டாம், எனக்குக் கடனாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொள்வார்கள். பணம் தொலைந்தால் கொடுத்தவர் நஷ்டப்படக் கூடாதே என்ற அச்சத்தினால். அவர்கள் ஷஹீதானபோது அப்படிச் சேர்ந்த கடன் 22 இலட்சம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் நிலத்தை விற்று ஒருவர் பாக்கியில்லாமல் தீர்த்தார்கள். அதன்பிறகும் சில ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் பாக்கியுள்ளவர் வரலாம் என்று அறிவித்துவிட்டே வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தார்கள். ஒரே பணம், பெயரை மாற்றியதும் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு, வாங்கியவருக்கு உபயோகம். தொழிலில் மாற்றி யோசிப்பது நேற்று வந்த வித்தையன்று. தோங் சென் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க நியாயமில்லை. பணம் அனுப்பும் தொழில் செய்வோர் இன்று நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றே செய்யவேண்டும். அதோடு ஆலிம்களிடம் இந்த விவரத்தையும் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம்.

கிந்தாவில் ரயில் ஓடத் தொடங்கியது 1890-களில். 1903-இல் பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் இணைந்தது. மருந்துக் கடையும் கம்பார், கோலாலம்பூர் என்று அவ்வழியே நடந்தது. 1909-இல் ஹாங்காங்கிலும், 1910-இல் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும் கடைகள் ஏற்பட்டன. எங்கே கூலியாட்கள் கூடினார்களோ அங்கே கடை. எங்கே பணம் போய்ச் சேரவேண்டுமோ அங்கேயும் கடை. நம்மில் பலர் கிளை திறப்பது வாடகை மலிவாகக் கிடைத்தது என்றோ, மச்சான் சும்மா இருக்கிறான் என்றோதான். இவர் கிளைகளை ஒரு கோடாக இழுத்துப் பார்த்தால், பணம் போகும் பாதையும் மருந்து வரும் பாதையும் ஒன்றாகவே தெரிகின்றன.

இதற்கிடையே 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் குத்தகை முறையை எடுத்துவிட்டது. அபினைத் தானே விற்கத் தொடங்கியது. சூதாட்டக் குத்தகையை 1912-உடன் ஒழித்தது. அதையே நம்பியிருந்த தவுக்கேமார் பலர் சரிந்தார்கள். சரியான கொழுத்த வருமானம் என்று ஊரே பொறாமைப்பட்ட வாசல் ஒரு சட்டத்தில் மூடிற்று. வேர் விற்ற கடை திறந்தே இருந்தது.

ஈயத்திலும் காற்று மாறிற்று. மேல்மண்ணிலிருந்த ஈயம் தீர்ந்துகொண்டு வந்தது. கீழே போக இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்குப் பெரும் முதல் வேண்டும். 1913 வாக்கில் கிந்தாவில் ஐரோப்பியக் கம்பெனியார் மிதக்கும் ஈயக் கப்பலை இறக்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் கூடையில் சுமந்த மண்ணை அது ஒருநாளில் வாரிக் கொட்டியது. மலாயா ஈயத்தில் 1910-இல் முக்கால் பங்குக்கு மேல் சீனர் சுரங்கங்களிலிருந்து வந்தது. 1930-இல் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. இருபது வருடத்தில் ஒரு சமூகத்தின் கையிலிருந்த தொழில் மற்றொரு கைக்குப் போனது என்றால் சாதாரண விஷயமா? தோங் சென் அந்தக் கப்பலோடு மல்லுக்கு நிற்கவில்லை. தம் பணத்தை வேறு பக்கம் திருப்பிக் கொண்டிருந்தார்.

ரப்பர்த் தோட்டங்கள் வாங்கினார். 1877-இல் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளை வேடிக்கை பார்த்தவர்கள், 1910-இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது வாயைப் பிளந்தார்கள். அந்த விலையைப் பார்த்துத்தான் காடெல்லாம் தோட்டமாகி, தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் நம் கடைகளும் வந்தன. ஆனால் ரப்பரும் ஒரு சரக்குதான். 1920-இல் விலை சரிந்தது. 1930-களின் தொடக்கத்தில் அதல பாதாளத்துக்கே போயிற்று. ஆயிரமாயிரம் பேர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். இவற்றில் எதிலும் தோங் சென் தம் மொத்தப் பணத்தையும் வைத்திருக்கவில்லை. சிங்கப்பூரில் நிலமும் கட்டிடங்களும் வாங்கியிருந்தார். அங்கே வாயாங் தெரு என்றிருந்ததை அவர் செப்பனிட்டுக் கட்ட, அது யூ தோங் சென் தெரு என்று பெயர் பெற்றது. இன்றும் சைனா டவுனுக்குச் செல்வோர் அப்பெயர்ப் பலகையைக் காணலாம்.

1920-இல் சிங்கப்பூரில் கான்டனீயச் சீனர் ஒன்றுகூடி லீ வா பாங்கை ஆரம்பித்தபோது அதற்குத் தலைவராக இருந்தவர் இவரே. மருந்துக் கடை மேசையில் ஐந்தும் பத்துமாக வாங்கிய பழக்கம் கடைசியில் ஒரு பாங்காகவே முடிந்தது. பல வருடங்களுக்குப்பின் அந்த பாங்கு யுஓபி வங்கியோடு சேர்ந்துவிட்டது. சீனர்கள் ஊருக்கொரு பாங்கு, பாஷைக்கொரு பாங்கு என்று அந்தக் காலத்தில் கட்டினார்கள். நாம் தனித்தனிக் கல்லாப்பெட்டியோடு நின்றுவிட்டோம். வட்டி ஆகாது என்பது ஒரு காரணம், ஒப்புக்கொள்ளலாம். கூட்டாகச் சேர்ந்தால் கணக்குக் காட்டவேண்டுமே என்பதும் ஒரு காரணம் அல்லவா? அதற்கு மார்க்கத்தின் மேல் பழி போடுவது சரியன்று. பங்கு வியாபாரத்துக்கு நம் மார்க்கத்தில் விரிந்த வாசல் இருக்கிறது.

பதவியும் பட்டமும் அவருக்குக் குறைவில்லை. மலாய் ஐக்கிய நாடுகளின் சட்டசபையில் அங்கத்தினராக இருந்தார். முதல் உலகப் போரில் ஆங்கில அரசாங்கத்துக்கு ஒரு டாங்கியும் ஒரு விமானமும் வாங்கிக் கொடுத்து, ஓ.பி.இ. விருது பெற்றார். இவையெல்லாம் அக்காலத்து ராஜபக்தி. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிக் காலத்தில் ஹாங்காங்கில் வசித்தார். அங்கே கோட்டைகளைப் போல மாளிகைகள் கட்டினார். கட்டிக்கொண்டே இருக்கும்வரை அவருக்குச் சாவில்லை என்று ஒரு குறிகாரன் சொன்னதாகவும், அதனாலேயே கட்டினார் என்றும் அங்கே ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் அத்தனை கூர்மையான புத்திக்காரருக்கு அப்படியொரு கதை ஒட்டிக்கொண்டதே வேடிக்கை. 1941-ஆம் வருடம் மே மாதம் 11-ஆம் தேதி ஹாங்காங்கிலேயே காலமானார். வயது அறுபத்து மூன்று. ஏழு மாதத்தில் ஜப்பானியர் ஹாங்காங்கிலும் மலாயாவிலும் நுழைந்தார்கள். அவருடைய சுரங்கங்கள் இருந்த கம்பாரில் பீரங்கி வெடித்தது.

பல மனைவியர், பதின்மூன்று ஆண்மக்கள், அதற்கேற்ற பெண்மக்கள். இத்தனை பேருக்குள் சொத்து சிதறிற்று. ஈயமும் தோட்டமும் கட்டிடங்களும் காலப்போக்கில் கைமாறின. மருந்துக் கடையின் பங்குகள்கூட ஒரு கட்டத்தில் குடும்பத்தை விட்டு வெளியே போயின. 1990-களில் பேரப்பிள்ளைகளில் சிலர் சேர்ந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். அதுவரையில் நாட்டு மருந்து கிழவர்களுக்கானது என்று இளையவர் ஒதுக்கி வந்தார்கள். இவர்களோ கஷாயத்தை மாத்திரையாகவும் புட்டியாகவும் அடைத்து, வணிக வளாகங்களில் வெளிச்சமான கடைகளில் வைத்து விற்றார்கள். பெண்களுக்கான 'பாக் ஃபூங்' உருண்டையும் குழந்தைகளுக்கான 'போ இங்' பொடியும் சீனர் வீடுகளில் தெரியாதவர் இல்லை.

கிந்தாவில் ஈயம் 1985-இல் உலகச் சந்தை விழுந்ததோடு அநேகமாக முடிந்தது. லம்பக் குழிகள் ஏரிகளாயின; சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். ரப்பர்த் தோட்டங்களில் பல செம்பனையாயின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்து மக்கள் பட்டணக் கரைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வாசலில் இருந்த நம் கடைகளில் சில அவர்கள் பின்னே வந்தன, சில வரவில்லை. வந்தவற்றுள்ளும், தோட்டத்தில் விற்ற அதே சரக்கை அதே விதத்தில் விற்றுவிட்டு, பேரங்காடி வந்து கெடுத்தது என்று பேசுவோரைச் சங்கக் கூட்டங்களில் கேட்கிறோம். அந்தத் தோட்டத்து மக்களுக்கு இன்று என்ன வேண்டும், பட்டணத்தில் அவர்கள் எதற்காக அலைகிறார்கள் என்று போய்ப் பார்த்தவரும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுடைய கடைகளில் கூட்டம் குறையவில்லை.

யூ யான் சாங்கின் பெரும்பங்கை 2024-ஆம் ஆண்டில் ரோட்டோ, மிட்சுயி என்னும் ஜப்பானியக் கம்பெனிகள் வாங்கின. கோப்பெங்கில் யூ கோங் அதைத் திறந்து அப்போது 145 வருடங்கள் ஆகியிருந்தன.